அட்டைப்படத்தில் நிற்கும் விமானம்

அந்த அட்டையில் இருக்கிற விமானம், அந்தப் படம் எடுத்துப் பத்தே நிமிஷத்தில் நொறுங்கிப்போனது சார்.

தப்பாக நினைக்காதீர்கள். புத்தகத்தை மடியில் வைத்திருந்தீர்கள், கண் தானாகப் போய்விட்டது. இல்லை இல்லை, உங்கள் பை எனக்கு இடிக்கவில்லை. பாப்பா ஜன்னல் ஓரமாகவே இருக்கட்டும், காற்று வரும். நான் வேடசந்தூரில் இறங்கிவிடுவேன். அரை மணி நேரம்தான்.

நீங்கள் கல்லூரி வாசலில் ஏறும்போதே தெரிந்துவிட்டது. கையில் பளபளவென்று இந்தக் காலேஜ் அட்மிஷன் புத்தகம், பாப்பாவிடம் மார்க் லிஸ்ட் வைத்த பிளாஸ்டிக் உறை. ஏழு வருஷத்துக்கு முன்னால் நானும் என் அம்மாவும் இதே வாசலில் இப்படித்தான் பஸ் ஏறினோம். அம்மா மில்லில் ஒரு ஷிப்டை விட்டுவிட்டு வந்திருந்தாள். பஸ்ஸில் அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுக்கவே இல்லை. கசங்கிவிடுமாம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் அம்மா, அன்றைக்கு என்கூட வந்ததால்.

நாளை சாயங்காலத்துக்குள் சாய்ஸ் போட்டாக வேண்டுமா? பாப்பா ஏரோநாட்டிகல்தான் வேண்டும் என்கிறாளா? சரிதான். நீங்கள் என்ன தொழில் சார்? டயர் ரீட்ரேடிங்கா. அப்படியென்றால் உங்களுக்குச் சொன்னால் புரியும். கையால் வேலை செய்கிறவருக்குத்தான் இது புரியும்.

என் பெயர் நாகஜோதி. பி.ஈ. ஏரோநாட்டிகல், முதல் வகுப்பு. இப்போது கரூரில் பஸ் பாடி கட்டுகிற கம்பெனியில் இருக்கிறேன். தரப் பரிசோதனை. ரிவெட் சரியாக அடித்திருக்கிறதா, கண்ணாடி ரப்பர் உட்கார்ந்திருக்கிறதா, அவசர வழிக் கதவு திறக்கிறதா என்று பார்த்து டிக் போடுவது. இந்தப் பஸ்கூட எங்கள் கம்பெனியில் கட்டியதுதான். ஆனால் இதற்கு நான் டிக் போடவில்லை, நான் சேர்வதற்கு முன்னால் வெளியே போன வண்டி. பார்த்ததைப் பார்த்தேன் என்பேன், பார்க்காததைப் பார்க்கவில்லை என்பேன். அது என் சுபாவம். அந்தச் சுபாவத்துக்குத்தான் எனக்குக் கெட்ட பெயர்.

உள்ளே சுற்றிக் காட்டினார்களா? இங்கே எல்லாம் செய்முறைதான், பிள்ளைகளே விமானம் செய்வார்கள், பிள்ளைகளே ஆராய்ச்சி செய்வார்கள் என்று சொன்னார்களா? எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். காற்றுச் சுரங்கம் காட்டியிருப்பார்களே, கண்ணாடி அறையில் நீலப் பெயின்ட் அடித்த நீளமான பெட்டி. உள்ளே காற்றை ஓடவிட்டு இறக்கையைச் சோதித்துப் பார்க்கிறது. ஓட்டிக் காட்டினார்களா? காட்டமாட்டார்கள். நான் சேர்ந்த வருஷமே அதன் மோட்டார் எரிந்துபோயிற்று. ஆயுத பூஜைக்கு மட்டும் அறையைத் திறப்பார்கள். நான்கு வருஷத்தில் அந்தப் பெட்டிக்கு நான் நான்கு தடவை பொட்டு வைத்திருக்கிறேன். காற்று ஒரு தடவைகூட வரவில்லை.

அப்புறம் பிராஜக்ட். கடைசி வருஷம் எல்லோரும் ஒரு பிராஜக்ட் செய்ய வேண்டும். செய்ய வேண்டும் என்றால் வாங்க வேண்டும். திருச்சியில் மாடிக்கு மாடி பிராஜக்ட் சென்டர் இருக்கிறது. போனால் ஓட்டல் மாதிரி பட்டியலை நீட்டுவார்கள். ஒரு மாடல், ஒரு ரிப்போர்ட், வைவாவில் என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும், எல்லாம் சேர்த்து ஒரு பை. வாத்தியார்களுக்கும் தெரியும். போன வருஷம் வந்த அதே இறக்கை இந்த வருஷம் வேறு பெயரில் வந்து மேஜைமேல் உட்கார்ந்தால், "புதுசா இருக்கே" என்பார்கள்.

எங்கள் வருஷத்தில் மூன்று பேர்தான் வாங்க மாட்டோம் என்று நின்றோம். நான், சவரிராஜ், முபாரக்.

சவரி திண்டுக்கல்காரன். அவன் அக்கா வீட்டுக்காரருக்கு ஸ்டூடியோ. கல்யாண வீட்டில் தலைக்கு மேலே டிரோன் பறந்து படம் எடுக்கிறதே, அதை ஓட்டுகிறவன். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் டிரோனை நுழைத்து வெளியே எடுத்துவிடுவான், மாலையில் ஒரு பூ உதிராது. முபாரக் அப்பாவுக்கு பிளக்ஸ் போர்டு கடை. தெர்மோகோலை வெண்ணெய் மாதிரி அறுப்பான். நான் எழுதுவேன். அளவு, எடை, தேதி, நேரம். யாராவது எழுத வேண்டும் அல்லவா?

சுரங்கம் ஓடவில்லை என்று சவரி ஒரு நாளும் புலம்பவில்லை. கேன்டீனில் கழற்றிப் போட்ட எக்சாஸ்ட் பேன் ஒன்றை எடுத்துவந்தான். மச்சான் கடையில் பழைய ஷோகேஸ் கண்ணாடி. முன்னால் வரிசையாக ஊதுபத்தி. பேனைப் போட்டால் புகை இறக்கைமேல் கோடு கோடாக ஓடும். எந்தச் சாய்வில் அந்தக் கோடு கலைகிறது என்று பார்த்துப் பார்த்து, கலையாத மாதிரி இறக்கையைச் செதுக்கினான். அது ஆராய்ச்சி சார். அந்தக் கல்லூரியில் நான் கண்ணால் பார்த்த ஒரே ஆராய்ச்சி. ஆனால் அவன் ஒரு வரி எழுத மாட்டான். என்னை ஆடிட்டர் என்பான். "ஆடிட்டரம்மா, நான் தும்மினேன், அதையும் எழுதிக்கோங்க." எழுதினேன் சார். அவன் தும்மியதில் புகை கலைந்துவிட்டது. அந்த ரீடிங்கை அடித்துவிட்டு ஓரத்தில் காரணமும் எழுதினேன். எழுபத்திரண்டு பக்கம் எழுதினேன்.

ஏழு மாதம். ரிமோட்டில் பறக்கிற விமானம், இரண்டு மீட்டர் இறக்கை. இரண்டு கிலோ மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பறந்தது. பதினொரு தடவை ஏறியது, பதினொரு தடவை இறங்கியது. அட்டையில் இருப்பது பன்னிரண்டாவது தடவை.

ஒவ்வொரு தடவையும் ஏற்றுவதற்கு முன்னால் நான் செக்லிஸ்ட் பார்ப்பேன். என் கையால் எழுதியது, இருபத்திரண்டு வரி. பேட்டரி, புரொப்பெல்லர், சக்கரம், மணல் மூட்டை நடுவில் இருக்கிறதா, இப்படி. எல்லா வரியும் முக்கியம்தான். இருந்தாலும் பதினான்காவது வரி தப்பினால் விமானம் இல்லை. புத்தகத்தைக் கொஞ்சம் கொடுங்கள், காட்டுகிறேன். இப்படிக் குறுக்கே பிடித்தால் இது இறக்கை. பின் ஓரத்தில் இந்தக் கோடியில் ஒரு மடல், அந்தக் கோடியில் ஒரு மடல், பெட்டி மூடி மாதிரி தூக்கும், இறங்கும். ரிமோட்டில் வலது பக்கம் தள்ளினால் வலது இறக்கை மடல் மேலே தூக்க வேண்டும். அப்போது விமானம் வலது பக்கம் சாயும். அது மாறி இருந்தால் என்ன ஆகும்? வலது கேட்டால் இடது போகும். ஓட்டுகிறவன் பதறிப்போய் இன்னும் வலது தள்ளுவான். அது இன்னும் இடது சாயும். நீங்கள் ஸ்டியரிங்கைச் சாலைப் பக்கம் ஒடிக்க, லாரி பள்ளத்துப் பக்கம் போனால் எப்படி இருக்கும்? அதுதான். அவன் தள்ளுவான், நான் மடலைப் பார்த்துச் "சரி" என்பேன், டிக் போடுவேன். பதினொரு தடவையும் அப்படித்தான்.

பாப்பா காதில் ஒயர் மாட்டியிருக்கிறாள், பாட்டுக் கேட்கிறாளோ? கேட்கட்டும். உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

பிப்ரவரியில் எச்.ஓ.டி., எங்கள் துறைத் தலைவர், கூப்பிட்டார். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம், பெயர் வேண்டாம். அங்கிருந்து ஒரு பெரிய அதிகாரி துறை விழாவுக்கு வருகிறார். திரும்பிப் போகும்போது எங்கள் துறையிலிருந்து ஒரே ஒருத்தரை ஆறு மாதத்துக்குப் பிராஜக்ட் உதவியாளராக எடுத்துக்கொள்வார். நன்றாகச் செய்தால் அங்கேயே இருந்துவிடலாம். யார் என்பதை எச்.ஓ.டி. எழுதிக் கொடுக்க வேண்டும். "உங்க மூணு பேர்ல ஒருத்தர்மா. டெமோ முடியட்டும்" என்றார்.

முபாரக் எனக்குக் கடை இருக்கிறது என்று அப்போதே ஒதுங்கிவிட்டான். மீதி நானும் சவரியும். எச்.ஓ.டி. சவரி பெயரைத்தான் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார் என்று ஆபீசில் இருந்த அக்கா சொன்னாள். அதில் எனக்கு ஒன்றுமில்லை. இறக்கை அவனுடையது. அதை நான் எங்கேயும் மறைக்கவில்லை. ஆனால் அவனுக்கு ஸ்டூடியோ இருக்கிறது, கையில் ஒரு தொழில் இருக்கிறது. எனக்கு என்ன இருந்தது? எழுபத்திரண்டு பக்கம் இருந்தது. அம்மா மில்லில் எல்லோரிடமும் மகள் பிளேன் இன்ஜினியர் என்று சொல்லி வைத்திருந்தாள். சூப்பர்வைசர்கூடக் கேட்பாராம், "ஒம் மக எப்ப எங்களயெல்லாம் ஏத்திட்டுப் போறா?" என்று.

விழாவுக்கு முந்தின நாள் பதினொன்றாவது தடவை இறக்கும்போது கொஞ்சம் பலமாக இடித்துவிட்டது. மடல்களை ஆட்டுகிற இரண்டு குட்டி மோட்டாரும் போய்விட்டன. புதிது இருந்தது. ஆனால் சவரிக்கு அன்று நிலக்கோட்டையில் கல்யாண வேலை. "வச்சிரு ஆடிட்டர், காலைல வந்து நான் மாட்டிடறேன். ஒயர்ல கை வைக்காத" என்று சொல்லிவிட்டுப் போனான். வேலையைக் காலை வரைக்கும் எப்படி வைத்திருப்பது? கவனமாக இருக்கிறவளால் முடியாது சார். சாயங்காலமே லேபில் உட்கார்ந்து நானே மாட்டிவிட்டேன். ஒவ்வொரு ஒயருக்கும் வெள்ளை டேப் சுற்றி எது வலது, எது இடது என்று பேனாவால் எழுதினேன். அவன் மாட்டினால் ஒரு கொத்தாகத் தொங்கும். நான் மாட்டினது புத்தகம் மாதிரி இருந்தது.

காலையில் ஏழரைக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. கையில் கல்யாணத் தாம்பூலப் பை. அதிலிருந்த தேங்காயை எடுத்து முபாரக்கிடம் கொடுத்து, "ஏறலன்னா இத என் தலைல ஒட" என்றான். விமானத்தைப் பார்த்தான். "மாட்டிட்டியா?" என்றான். மாட்டிவிட்டேன் என்றேன். டேப்பைப் பார்த்துச் சிரித்தான்.

விளையாட்டு மைதானத்தில் ஷாமியானா. முன்வரிசையில் கரஸ்பாண்டன்ட், அதாவது கல்லூரி முதலாளி. பக்கத்தில் பெங்களூர் அதிகாரி. எச்.ஓ.டி. சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் துறையில் எதுவும் பொட்டு வைக்காமல் நகராது. விமானத்தைப் பந்தலைப் பார்க்க நிறுத்தச் சொன்னார். சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று எலுமிச்சம்பழம். மூக்கில் என்னைப் பொட்டு வைக்கச் சொன்னார். வைத்தேன். கரஸ்பாண்டன்ட் போட்டோகிராபரைக் கூப்பிட்டு, "பொண்ணு செக் பண்ற மாதிரி ஒண்ணு எடுப்பா, புக்குக்கு ஆகும்" என்றார். மாதிரி என்ன சார், நிஜமாகவே செக் பண்ணுகிறேன் என்றேன். எனக்கு நடிப்பு வராது. நின்ற இடத்திலேயே இருபத்திரண்டு வரியும் பார்த்தேன். சவரி எட்டத்தில், கூட்டத்துக்குக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் ரிமோட்டோடு நின்றான். "ரைட்டு" என்று தள்ளினான். நான் பார்த்தேன். "சரி" என்றேன். டிக் போட்டேன். அந்தப் படம்தான் இது.

அப்புறம் விமானத்தைக் காற்று வருகிற பக்கம் திருப்பி வைத்தார்கள். சவரி அங்கிருந்தே கேட்டான். "நாகு, திருப்பியாச்சு, மடல இன்னொரு வாட்டி பாத்துருவோமா?" அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு ரயில் இருந்தது. எச்.ஓ.டி. என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைத் தூக்கிக் காட்டினேன். இருபத்திரண்டும் டிக் ஆகிவிட்டது என்றேன். ஆகித்தான் இருந்தது. சவரி சிரித்தான். "ஆடிட்டர் கையெழுத்துப் போட்டா அப்பீல் ஏது" என்று சொல்லிவிட்டு ஏற்றினான்.

தென்னை உயரம்கூட ஏறவில்லை. பக்கக் காற்றில் இடது இறக்கை லேசாகத் தாழ்ந்தது. தாழ்ந்தது நிமிரவில்லை. இன்னும் தாழ்ந்தது. அப்படியே திரும்பிப் பந்தலைப் பார்க்க வந்து, மூங்கிலில் அடித்து, மோர் டிரம்மின் மேல் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. அதிகாரி முழங்கால் வரைக்கும் மோர். ஏழு மாதம் சார். நான்கு வினாடி.

சவரி ரிமோட்டைப் பிடித்தபடி நின்றான். "நான் ரைட்டுதான் குடுத்தேன்" என்றான். எச்.ஓ.டி. கத்தும்போதும் அதையே சொன்னான். முபாரக் தோளைப் பிடித்து உலுக்கும்போதும் அதையே சொன்னான்.

சாப்பாட்டுக்கு முன்னால் உடைந்ததையெல்லாம் ஒரு சாக்கில் அள்ளி ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினார்கள். மூன்று பேரும் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் எச்.ஓ.டி. முபாரக் எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதினான். சவரி ஒரே வரி. ரைட் கொடுத்தேன், லெஃப்ட் போனது. நான் ஒன்பது வாக்கியம் எழுதினேன். அந்த ஒன்பதும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். விமானம் ஏறுவதற்கு முன் இருபத்திரண்டு சோதனைகளும் செய்யப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் குறியிடப்பட்ட தாள் இணைக்கப்பட்டுள்ளது. இதற்கு முன் பதினொரு முறை இதே முறையில் சோதித்து விமானம் ஏறி இறங்கியது. விமானத்தை இயக்கியவர் சவரிராஜ். அவர் முந்தைய இரவு நிலக்கோட்டையில் ஒரு திருமணத்தில் பணியில் இருந்தார். காலை ஏழரை மணிக்கு மைதானத்துக்கு வந்தார். இப்படி. ஒன்பதில் ஒன்று பொய் என்று யாராவது சொல்லட்டும். அவன் தப்பாகத் தள்ளினான் என்று நான் எழுதவே இல்லை. தெரியாததை எழுதமாட்டேன்.

அதிகாரி என் தாளைப் படித்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு எழுத வருது" என்று சொன்னாராம்.

சவரிக்குக் கவனக்குறைவு என்று போட்டு பிராஜக்டில் சைபர். அடுத்த வருஷம் திரும்பச் செய்ய வேண்டும். பென்சிலில் இருந்த பெயரை அழித்துவிட்டு என் பெயரைப் பேனாவில் எழுதினார்கள். அன்று சாயங்காலம் சவரி லேப் வாசலில் நின்றான். சண்டை போடுவான் என்று நினைத்தேன். "படிச்சேன் நாகு. அதுல ஒரு பொய் இல்ல. அதான் எனக்கு எங்க பிடிக்கறதுன்னு தெரியல" என்றான்.

ஒரு வாரம் நடையாய் நடந்து, சாக்கைத் திறந்து பார்க்க அனுமதி வாங்கினான். முபாரக்கும் கூட இருந்தான். பேட்டரியை மாட்டி ரிமோட்டில் ரைட் தள்ளினான். உடைந்த இறக்கையில் ரைட் மடல்தான் தூக்கியது. திரும்பத் தள்ளினான். திரும்பவும் ரைட்தான். அரை மணி நேரம் அதையே தள்ளிக்கொண்டிருந்தானாம். ஒயரெல்லாம் டேப்பில் எழுதினபடி சரியாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் "ரைட்டுதான் குடுத்தேன்" என்று சொல்வதை நிறுத்திவிட்டான். யாராவது கேட்டால், "தூக்கம் இல்லைல, கை மாறிருச்சு போல" என்பானாம்.

நான் பெங்களூர் போனேன். ஆறு மாதம். ஒரு விமானத்தைத் தொடவில்லை. எக்செல்லில் நம்பர் அடித்தேன், சரியாக அடித்தேன். ஆறு மாதம் முடிந்ததும் நன்றி என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். இருந்துவிடலாம் என்றதெல்லாம் பேச்சுக்கு. அம்மாவிடம் அந்தக் கடிதத்தைச் சர்டிபிகேட் என்று சொல்லவில்லை. கடிதம் என்றுதான் சொன்னேன்.

சவரி மறுவருஷம் என்ன செய்தான் தெரியுமா? திருச்சிக்குப் போய் ஒரு பிராஜக்டை வாங்கிவந்தான். ஊதுபத்திப் புகையில் இறக்கை செதுக்கினவன் சார். பையைத் திறந்துகூடப் பார்க்காமல் மேஜையில் வைத்தானாம். தொண்ணூற்றாறு மார்க். இப்போது முழு நேரமும் கல்யாணம்தான்.

இதில் என்னை என்ன சொல்கிறார்கள் தெரியுமா? நான் போட்டுக் கொடுத்துவிட்டேனாம். வகுப்பில் நாற்பத்தொரு பேர். முபாரக் தங்கச்சி கல்யாணத்துக்கு என்னைத் தவிர எல்லோருக்கும் பத்திரிகை. ஸ்டேட்டஸில் பார்த்தேன், மேலேயிருந்து டிரோனில் எடுத்தது. பிரியாணி விரிப்பில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு எல்லோரும் மேலே பார்த்துக் கையாட்டுகிறார்கள், சவரிக்கு. நான் என்ன தப்பு செய்தேன், சொல்லுங்கள்? உண்மையை எழுதினேன். பிராஜக்டைக் காசு கொடுத்து வாங்கி, நான் செய்தேன் என்று கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் அந்த விரிப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன். பாப்பாவுக்கு இது வேண்டாம் சார். உண்மையாக இருக்கிற பிள்ளைக்கு அங்கே இடம் இல்லை. வேறு ஏதாவது போடுங்கள்.

என்ன பாப்பா? ஓ, கேட்டுக்கொண்டுதான் இருந்தாயா?

ஆமாம், படத்தில் நிற்பது நான்தான். பச்சைச் சுடிதார். முதுகு மட்டும்தான் தெரியும். தோளுக்கு மேலே மூக்கில் வைத்த பொட்டுக்கூடத் தெரிகிறது பார்.

என்ன?

பஸ் சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது சார். பாப்பா என்ன கேட்கிறாள் என்றால், "நீங்க விமானத்துக்கு எதிர்ல நிக்கிறீங்களே அக்கா. அப்ப உங்க வலது கைப் பக்கம் இருக்கிறது அதோட இடது எறக்கதான?" என்று கேட்கிறாள்.

ஆமாம்.

ஆமாம் பாப்பா. இடது.

மற்ற பதினொரு தடவையும் வாலுக்குப் பின்னால்தான் நின்றேன். அன்றைக்குப் பொட்டு வைத்தேன் அல்லவா, அப்படியே அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அவன் ரைட் என்றான். என் வலது கைப் பக்கம் இருந்த மடல் தூக்கியது. சரி என்றேன்.

மூன்று வருஷம் ஆயிற்று. எச்.ஓ.டி. இதைக் கேட்கவில்லை. பெங்களூரிலிருந்து வந்தவர், இருபத்தைந்து வருஷம் விமானத்தோடு இருந்தவர், மோரைத் துடைத்துக்கொண்டு போனார், கேட்கவில்லை. இந்தப் புத்தகம் வருஷத்துக்கு எத்தனை ஆயிரம் அடிக்கிறார்கள்! ஒருத்தர், ஒரே ஒருத்தர், நீ எந்தப் பக்கம் நின்றாய் என்று கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் சார். கேட்டால் நான் பொய் சொல்லமாட்டேன். பாப்பா கேட்டாள், சொல்லிவிட்டேன் பாருங்கள்.

எனக்கே மூன்றாம் நாள்தான் தெரியும். ஸ்டோர் சாவி என்னிடம் இருந்தது, நான்தான் லேப் பொறுப்பு. பேட்டரியை எடுத்து வைக்கலாம் என்று போனேன். சும்மா ஒரு தடவை ரைட் தள்ளிப் பார்த்தேன். இடது மடல் தூக்கியது. மோட்டார் மாட்டும்போது இறக்கையை மேஜைமேல் குப்புறப் போட்டிருந்தேன். குப்புறப் போட்டால் வலது இடதாகிவிடும். நான் அப்படியே டேப் சுற்றிப் பெயர் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தில், அழகாக.

இரண்டு ஒயரையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினேன். டேப்பைப் பிரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றி எழுதினேன். மறைக்க வேண்டும் என்று செய்யவில்லை சார். தப்பாக இருக்கிற ஒன்றைப் பார்த்தால் என்னால் அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. ரிவெட்டிலும் அப்படித்தான். கம்பெனியில் கேட்டுப் பாருங்கள். சரிசெய்தேன். அவ்வளவுதான்.

அப்புறம்தான் அவன் வந்து சாக்கைத் திறந்தான். அதற்குள் சரியாக இருந்தது.

என்ன பாப்பா? "அந்த அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா"வா?

அவன் என்னிடம் கேட்கவில்லை பாப்பா. கை மாறிவிட்டது என்று அவனே சொல்லிக்கொண்டிருக்கும்போது, நான் எப்படி நடுவில் போய்…

அதோ பாருங்கள், பாலத்துக்கு அந்தப் பக்கம் போர்டு. அதே படம்தான், இருபது அடி. ராத்திரிக்கு லைட்கூடப் போடுகிறார்கள். சனிக்கிழமை தோறும் நான் இந்தப் பக்கம்தான் வருகிறேன். பஸ்ஸில் எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

கண்டக்டர் குரல் கொடுத்துவிட்டார், வேடசந்தூர். இந்தாருங்கள் உங்கள் புத்தகம். வேறு ஏதாவது போடுங்கள் என்று சொன்னேனே, அதை விட்டுவிடுங்கள். பாப்பா போடட்டும். முதல் சாய்ஸாகவே போடட்டும்.

பையை எதற்கு சார் நடுவில் வைக்கிறீர்கள்? நான்தான் இறங்கப்போகிறேனே.